லட்சுமணன் எறிந்த முந்நூறு கல்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தின் சாவி லட்சுமணன் இடுப்பில்தான் இருக்கும். காலையில் எட்டரைக்குக் கதவைத் திறந்து, மேசையைத் துடைத்து, முந்தின நாள் பிள்ளைகள் கழுவாமல் போட்டுவிட்டுப் போன கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். பதினான்கு வருஷமாக இதே வேலை. பதினான்கு வருஷமாகத் தற்காலிகம். நான் அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். என் அடுப்படிக்கு எதிரில்தான் ஆய்வகம். ஆகவே அவரைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் கண்ணால் பார்த்ததும், அவரே வந்து என்னிடம் சொன்னதும்தான். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் அணுவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், எனக்கும் தெரியாது. புரிந்ததைப் புரிந்த மாதிரியும் புரியாததைப் புரியாத மாதிரியும் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில், காவலூருக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். லட்சுமணன் பதினாறு வயதில் பத்தாவதில் தோற்றார். மிளகு பறிக்கக் குடகுக்குப் போனவர்களோடு சேர்ந்து போய், பதினோரு வருஷம் காப்பித் தோட்டங்களில் கிடந்தார். ஷோபனாவைக் கட்டிக்கொண்ட பிறகுதான் மலைக்குத் திரும்பினார். இப்போது நாற்பத்தொன்று. தலைமுடி முன்னால் ஏறிவிட்டது. யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம்தான் பதில்.

போன வருஷம் தலைமை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆய்வக உதவியாளர் வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கப் போகிறார்களாம். பத்தாவது தேறியிருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். அடுத்த முறை எடுக்கும்போது லட்சுமணனுக்கு வயது தாண்டிவிடும். ஆக, இந்த ஒரு வாய்ப்புதான். தனித்தேர்வு எழுதி நாலு பாடத்தைத் தாண்டிவிட்டார். அறிவியல் மட்டும் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. அறிவியல் சாமான்களைத் தினமும் கழுவுகிற மனுஷனுக்கு அறிவியலே வரவில்லையே என்று ஊரில் சிரிப்பு. அவருடைய மைத்துனன் சந்திரன்தான் அதிகம் சிரிப்பான்.

"மாமா, நீ பாத்திரம் கழுவறதால சமையல் வந்துடுமா? எங்கக்காவக் கேளு, பதினாலு வருஷமா நீ வூட்லயும் கழுவறியே, ஒரு ரசம் வைக்கத் தெரியுமா?"

லட்சுமணன் சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அடுப்படிக்கு வந்துவிடுவார். நான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பேன். அவர் மனப்பாடம் சொல்லுவார். தப்பினால் நான் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொல்லுவேன்.

அவர் படிக்கிற விதமே தனி. எந்தப் பாடமானாலும் அவருக்கு ஓர் அலமாரி வேண்டும். அமிலம் என்றால் மூன்றாவது அலமாரி, மேல்தட்டு, மஞ்சள் மூடி. லென்ஸ் என்றால் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கும் மரப்பெட்டி. காந்தம் என்றால் வலது பக்கம் கீழ்த்தட்டு. சாமானை நினைத்துக்கொண்டால் பாடம் தானாக வரும். அப்படியே புத்தகத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அணுப் பாடத்தில் வந்து நின்றுபோனார்.

"யக்கா, அணுவுக்கு அலமாரியே இல்லக்கா."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள கம்பியும் உருண்டையுமா ஒண்ணு வச்சிருக்கீங்களே தம்பி, அது அணுன்னுதானே எழுதி ஒட்டியிருக்குது?"

அதைத்தான் அவரும் நம்பியிருந்தார். எந்த வருஷத்துப் பிள்ளைகளோ செய்து வைத்துவிட்டுப் போன பொம்மை அது. நடுவில் எலுமிச்சை அளவுக்குச் சிவப்பு உருண்டை. சுற்றிக் கம்பி வளையத்தில் நீல மணிகள். பதினான்கு வருஷமாக அதை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். அறிவியல் டீச்சர் கீதாஞ்சலி கணியம்பாடிக்காரப் பெண். போன வருஷம்தான் வந்தது. அது ஒரே வார்த்தையில் அந்தப் பொம்மையைத் தள்ளிவிட்டது.

"அது பாக்கறதுக்கு வச்சது லட்சுமணண்ணா. அளவெல்லாம் தப்பு. நடுவுல இருக்கிற அணுக்கரு ஒரு கடுகுன்னு வச்சுக்கோங்க. அந்தக் கடுகை நம்ம கிரவுண்டு நடுவுல வச்சா, எலக்ட்ரான் நூறு மீட்டர் தள்ளி, காம்பவுண்டு சுவத்துகிட்ட இருக்கும். நடுவுல வேற ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

லட்சுமணன் நேராக என்னிடம் வந்து அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்துக்கொண்டு போனார். மைதானத்தின் நடுவில் வைத்தார். நூறு அடி எட்டிப் போட்டு நடந்து சுவரோரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். நானும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். கடுகு எங்கே தெரியும்! திரும்பி நடந்து வந்து குனிந்து தேடினார். அதற்குள் வாட்ச்மேன் வீட்டுக் கோழி இரண்டு அங்கே வந்து கொத்திக்கொண்டிருந்தன.

"டீச்சர், அணுக்கருவைக் கோழி தின்னுட்டுது" என்று அவர் போய்ச் சொன்னதற்கு, அந்தப் பெண் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தது.

சிரிப்பு சிரிப்பாக இருக்கட்டும். எனக்குள்ளே குழப்பம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அணு என்பது எங்கோ தனியாக இருக்கிற வஸ்து என்று நினைத்திருந்தேன். எல்லாமே அணுதான் என்று அப்புறம் லட்சுமணன் படித்துக் காட்டினார். கல், மரம், தண்ணீர், நான், நீ, எல்லாம். அந்த அணுவுக்குள்ளே கடுகளவுக்கு ஏதோ இருக்கிறதாம், மீதி காலியாம். தங்கத்தை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"அப்போ என் தாலிக்குண்டு?"

"அதுவும்தான்கா."

"காலியா?"

"முக்கால்வாசிக்கு மேல காலி. புத்தகத்துல போட்டிருக்குது."

அன்று சாயங்காலம் முருகன் கோயிலில் நிற்கும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. கருங்கல் விக்கிரகம். அதற்குள்ளும் காலியா? அப்படியானால் அபிஷேகப் பால் ஏன் உள்ளே போகாமல் வழிந்து கீழே வருகிறது? திருநீறு ஏன் விரலில் ஒட்டுகிறது? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. முருகனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பாடத்தில் இருந்தது இவ்வளவுதான். ரூதர்ஃபோர்டு என்று ஒரு வெள்ளைக்காரர். தங்கத்தை அடித்து அடித்துக் காகிதத்தைவிட மெல்லிசாக ஆக்கி நிறுத்தினார்கள். அதன் மேல் ஆல்ஃபா துகள் என்கிற, கண்ணுக்குத் தெரியாத பொடிகளை வேகமாக விட்டார்கள். சுற்றிலும் ஒரு திரை. பொடி பட்ட இடத்தில் திரை மினுக்கும். முக்காலே மூணுவீசம் பொடிகள் தகட்டுக்குள்ளே நேராகப் போய்விட்டன. கொஞ்சம் பொடிகள் சாய்ந்து போயின. பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பி வந்தது. இதிலிருந்து, அணு பெரும்பாலும் காலி, நடுவில் சின்னதாக, கனமாக, கெட்டியாக ஒன்று இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

லட்சுமணன் இதை வரிவரியாக ஒப்பித்தார். ஆனால் நடுவில் ஒரு வரி விட்டுப்போகும், இல்லாவிட்டால் முன்பின்னாகும். ஒருநாள் நேராகப் போனதைத் திரும்பி வந்தது என்பார். ஒருநாள் தங்கத்தை எறிந்தார்கள் என்பார். "இந்தப் பாடத்துல பெரிய கேள்வி கண்டிப்பா வரும். ஏழு மார்க்கு. இத விட்டுட்டா இந்தத் தடவையும் கஷ்டம்தான்" என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டது.

ஐப்பசி கடைசியில் சாமை முற்றி நின்றது. சாயங்காலமானால் காட்டுப்பன்றி இறங்கும். லட்சுமணனும் சந்திரனும் அவர்களுடைய நிலத்தில் காவலுக்குப் போவார்கள். அந்த நிலம் சரிவில் ஏறிப்போகும். மேல்கோடியில் உண்ணிச்செடி மண்டிய பெரும்புதர். பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போனதில்லை. பன்றிகள் அதில்தான் வந்து ஒளிந்துகொள்ளும். இவர்கள் கீழே நின்று கவணில் கல் வைத்துச் சுழற்றி, புதரைப் பார்த்து விடுவார்கள். கல் இலைக்குள்ளே சரசரவென்று புகுந்து அந்தப் பக்கம் பொத்தென்று விழும். பன்றி இருந்தால் ஓடும்.

அன்றைக்கு இன்னும் வெளிச்சம் இருந்ததாம். லட்சுமணன் விட்ட ஒரு கல் உள்ளே போய், டங்கென்று சத்தம் கேட்டு, திரும்பி வந்து, சரிவில் குதித்து உருண்டு சந்திரன் காலடியில் நின்றது.

சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"மாமா, இன்னா மாமா இது? எறிஞ்ச கல்லு திரும்பி வருது?"

"உள்ளாற கல்லு கீது போல."

"வெறும் கல்லா இருந்தா இத்தினி வருஷம் எறிஞ்சோமே, ஒண்ணாவது வந்திருக்கணுமே. இது சாமி. போதும்னு திருப்பி அனுப்பியிருக்குது."

பூமியிலிருந்து சாமி கல்லாகக் கிளம்பி வருவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. ஏர்க்கொழுவில் பட்ட கல்லுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், நானே கும்பிட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் ஊரே போய்ப் பார்த்தது. உள்ளே யாரும் போகவில்லை. எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் துரைக்கண்ணு புதரின் முன்னால் மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்து, கவண் கல் எறிவதை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நானும் விழுந்து கும்பிட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கும்பிடுகிறேன்.

லட்சுமணனும் கும்பிட்டார். ஆனால் அவர் முகம் வேறு எங்கோ இருந்தது. கும்பிட்டு முடித்ததும் நேராக அடுப்படிக்கு வந்தார்.

"யக்கா, அணுவுக்கு அலமாரி கெடச்சிடுச்சுக்கா."

"எங்க?"

"எங்க நெலத்துலயேதான். அந்தப் புதர்தான் தங்கத்தகடு. பூரா எலை, காத்து, காலி. கல்லு பாட்டுக்குப் போவுது. நடுவுல எங்கியோ ஒண்ணு இருக்குது. யாரும் பாக்கல, ஆனா இருக்குது. திரும்பி வந்துச்சே!"

அன்றைக்கு அவர் அந்தப் பாடத்தை ஒரு வரி பிசகாமல் சொன்னார். எனக்கே கொஞ்சம் விளங்குகிற மாதிரி இருந்தது. ஆனால் டீச்சர் ஒரு முடிச்சுப் போட்டது. கல் கல்லில் மோதித் திரும்புகிறது, ஆல்ஃபா துகள் அப்படி மோதுவதே இல்லை, அதுவும் நேர்மின், அணுக்கருவும் நேர்மின், கிட்டே போவதற்குள் ஒன்றை ஒன்று தள்ளிவிடும் என்றது. லட்சுமணன் வலது பக்கம் கீழ்த்தட்டிலிருந்து இரண்டு காந்தத்தை எடுத்து ஒரே முனையை ஒரே முனையோடு சேர்க்கப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கி விலகியது. "தொடாமலே தள்ளுதே" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நானும் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை, ஆனால் கை தள்ளப்பட்டது. எனக்கு மறுபடி எல்லாம் குழம்பிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது. லட்சுமணனுக்கு ஒரு சந்தேகம். ஒரு கல் திரும்பியதை வைத்து உள்ளே இருப்பது சின்னதா பெரியதா என்று எப்படிச் சொல்வது? நிறைய எறிந்தால்தானே, எத்தனைக்கு எத்தனை திரும்புகிறது என்று தெரியும்? காலை பத்து மணிக்கு யாரும் இல்லாத நேரம் பார்த்து, நிலத்துக்குப் போய், செருப்பைக் கழற்றி, சாமியைக் கும்பிட்டு, ஒரே இடத்தில் நின்றுகொண்டு, முந்நூறு கல் எறிந்திருக்கிறார். சின்னச் சின்னக் கல்லாம். திரும்பி வந்தது நாலு. பக்கவாட்டில் தெறித்தது ஒன்பது. மற்றதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. புளியங்கொட்டை வைத்து எண்ணியிருக்கிறார்.

சந்திரன் பார்த்துவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. லட்சுமணன் சாமியைக் கல்லால் அடிக்கிறான்.

பால் சொசைட்டி முன்னால் கூட்டம். நான் ஷோபனாவோடு ஓரமாக நின்றேன். துரைக்கண்ணு ஷோபனாவுக்குப் பெரியப்பா முறை. சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"மாப்ள, சாமியக் கல்லால அடிச்சியாமே."

"அடிக்கல மாமா. எங்க இருக்குது, எவ்ளோ பெருசுன்னு பாத்தேன்."

"சாமி எவ்ளோ பெருசுன்னு கல்லெறிஞ்சுதான் பாப்பாங்களா?"

"புத்தகத்துல அப்படித்தான் மாமா கண்டுபுடிச்சாங்க."

"எந்தச் சாமிய?"

"சாமி இல்ல மாமா. அணு."

"அணு யாரு?" என்று பின்னால் ஒரு கிழவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். துரைக்கண்ணு சிரிக்கவில்லை.

"பெரியப்பா, பரிச்சைக்குப் படிக்கிறேன்னு மூளை கலங்கிட்டுது மாமாவுக்கு" என்றான் சந்திரன். சொல்லிவிட்டு அவனே வருத்தப்பட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். லட்சுமணன் கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தார். இனி அந்தப் புதரில் கல் எறிவதில்லை. எறிந்து பார்த்ததையும், அதில் தெரிந்ததையும் யாருக்கும் சொல்வதில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயத்தினால் இல்லை, பக்தியினால்தான். எனக்குத் தெரியும், குடகிலிருந்து திரும்பிய பிறகு ஒரு கிருத்திகைகூட விரதம் விட்டவரில்லை அவர். (சத்தியம் செய்தது அவர். நான் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.)

மறுநாள் அடுப்படிக்கு வந்து பாடம் ஒப்பித்தார். மின்சாரம் வந்தது. ஒளி வந்தது. அணு வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"சொல்லுங்க தம்பி."

"முடியலக்கா. அதச் சொன்னா இதச் சொன்ன மாதிரி."

"அது தங்கத்தகடு. இது உண்ணிப்புதர். எதுக்கு எது?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணா ஆயிட்டுதுக்கா. தகடுன்னு சொல்ல வாயத் தெறந்தா புதர்தான் வருது. திரும்பி வந்துதுன்னு சொன்னா அந்த நாலு கல்லுதான் வருது. சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லாதீங்க. பரிச்சையில கையாலதானே எழுதப் போறீங்க?"

சிரித்தார். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சாமிகிட்ட வக்கீல் வேலை பாக்கக் கூடாதுக்கா."

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. விரதம் இருக்கிறவள், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள், நான் போய் அப்படிச் சொல்லிவிட்டேனே. ஆனால் ஷோபனாவை நினைத்தாலும் பாவமாக இருந்தது. பதினான்கு வருஷம் காத்திருக்கிறாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

டீச்சரிடம் காரணத்தைச் சொல்லவும் அவரால் முடியாது. அந்தப் பெண் கோபித்துக்கொண்டது. "எல்லாம் படிக்கிறீங்க, இந்த ஒண்ண மட்டும் விட்டுட்டீங்களேண்ணா. நல்லாத்தானே சொன்னீங்க? மத்த பாடத்துல எவ்ளோ எடுப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்த ஏழு மார்க்கு இல்லன்னா இழுபறிதான்." அவர் தலையாட்டிவிட்டுக் குழாய் கழுவப் போய்விட்டார்.

மார்கழி போயிற்று, தை போயிற்று. பங்குனியில் பரீட்சை. மலையிலிருந்து கீழே இறங்கி, முதல் பஸ் பிடித்துப் போக வேண்டும். பேனா இரண்டு, அடிக்கோல், அனுமதிச்சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பிள்ளையாக ஏறினார். நான் கோயில் திருநீறைப் பொட்டலமாகக் கொடுத்தேன்.

அங்கே நடந்ததை அவர் பிறகு சொன்னார். கேள்வித்தாளைத் திருப்பியதும், கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி. அணுவில் அணுக்கரு இருப்பதைக் காட்டும் சோதனையை விளக்கி, அதன் முடிவுகளை எழுதுக. மற்றதையெல்லாம் எழுதிவிட்டார். அதற்கு மட்டும் இடம் விட்டார். மணி ஆகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை தாளுக்கு மேல் தாள் வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. எழுதினால் சத்தியம் போகும். எழுதாவிட்டால் வேலை போகும். கண்ணை மூடி முருகனைக் கேட்டார். பதில் ஒன்றும் வரவில்லையாம். கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போது எழுதத் தொடங்கினார். தகடு, துகள், திரை, நேராகப் போனது, சாய்ந்து போனது, திரும்பி வந்தது, நேர்மின் நேர்மின்னைத் தள்ளுவது. மணி அடிக்கும்வரை எழுதினார்.

பஸ் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் துரைக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றார். பிளாஸ்டிக் உறை கையிலேயே இருந்தது. நான் பால் ஊற்றிவிட்டு வரும் வழி அது. நின்றுவிட்டேன்.

"மாமா, சத்தியத்த மீறிட்டேன்."

துரைக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"மறுபடி எறிஞ்சியா?"

"எறியல. எழுதிட்டேன். பரிச்சையில அதான் கேட்டான்."

"நம்ம புதரையா கேட்டான்?"

"இல்ல மாமா. தங்கத்தகட்ட."

"நீ இன்னா எழுதின?"

"தங்கத்தகட்டத்தான் எழுதினேன்."

"புதர எழுதுனியா?"

"எழுதல. ஆனா மனசுல புதர வச்சுத்தான் எழுதினேன்."

"உள்ளாற இருக்கறது சாமி இல்லன்னு எழுதுனியா?"

"இல்ல மாமா."

"சாமின்னு எழுதுனியா?"

"அதுவும் எழுதல."

"அப்புறம் இன்னாதான்டா எழுதின?"

"நடுவுல சின்னதா, கெட்டியா ஒண்ணு இருக்குதுன்னு எழுதினேன்."

துரைக்கண்ணு வாளியை எடுத்து மறுபடி மாட்டுக்கு முன்னால் வைத்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மீறியதா இல்லையா என்று யார் தீர்ப்பது? கடைசியில் அவர் சொன்னார், "இத நான் சொல்ல முடியாது மாப்ள. சாமியே சொல்லட்டும். பாஸானா மன்னிச்சிட்டுதுன்னு அர்த்தம். பெயிலானா மன்னிக்கல. அதுவரைக்கும் நீ புதர் பக்கம் போவாத."

இப்படியாக லட்சுமணனுக்கு ஒரே பரீட்சையில் இரண்டு முடிவு காத்திருந்தது. சித்திரை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை கிடைக்குமா என்ற கவலையைவிட மற்றது பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடம் லீவு. ஆனாலும் தினமும் வந்து ஆய்வகத்தைத் திறந்து, தூசு இல்லாத மேசையைத் துடைத்துவிட்டுப் போனார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

முடிவு வந்த அன்று காவலூரில் கம்ப்யூட்டர் கடையில் பார்க்கப் போனார். துணைக்குச் சந்திரன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் எண்ணைத் தட்டினார். சந்திரன்தான் முதலில் பார்த்தான். "மாமா, நாப்பத்தொண்ணு! பாஸ்! பாஸ் மாமா!" என்று கத்தி, ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கைகொடுத்தானாம். லட்சுமணன் கடை வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காகிதத்தை அச்செடுத்து நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, அந்தப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டே வண்டியில் வந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் துரைக்கண்ணு வீடு. நாங்களும் கூடிவிட்டோம். அவர் காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"நூத்துக்கு எவ்ளோ?"

"நாப்பத்தொண்ணு மாமா."

"பாஸுக்கு?"

"முப்பத்தஞ்சு."

"ஆறுதான் கூடவா?" கொஞ்சம் யோசித்தார். "மன்னிச்சிட்டுது. ஆனா முழுசா மன்னிச்சிருந்தா அறுவது எழுவது போட்டிருக்கும். கோவம் கொஞ்சம் இருக்குது. ஒரு பொங்கல் வச்சிடு."

ஷோபனா அழுதுகொண்டே சிரித்தாள். சந்திரன், "பெரியப்பா, நீ எட்டாவதுல கணக்குல எவ்ளோன்னு சொல்லட்டா? சாமிக்கு உம்மேல எவ்ளோ கோவம்னு தெரியும்" என்றான். துரைக்கண்ணு துண்டால் அவனை ஓர் அடி அடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை புதருக்கு முன்னால் சாமைப் பொங்கல் வைத்தோம். நான்தான் கிண்டினேன். லட்சுமணன் புது வேட்டியில் வந்து விழுந்து கும்பிட்டார். விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பத்தாவது தேர்ச்சி என்ற இடத்தில் இந்த வருஷத்தை லட்சுமணனே எழுதினாராம், இரண்டு தடவை பேனாவைச் சரிபார்த்து. அந்தக் காகிதத்தின் நகலும் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருந்தது.

எல்லாரும் இலையை எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகு துரைக்கண்ணு அங்கேயே நின்றார். சாமிக்குப் பீடம் கட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. உள்ளே போக யாருக்கும் தைரியம் இல்லை. போகலாமா கூடாதா என்பதும் தெரியவில்லை. அவர் லட்சுமணனை ஓரமாகக் கூப்பிட்டார். நான் பானையைத் துலக்குகிற சாக்கில் பக்கத்தில் இருந்தேன்.

"மாப்ள. அந்தச் சத்தியத்த நான் தளர்த்துறேன். உள்ளாற எவ்ளோ பெருசு இருக்கும்? எத்தினி அடிக்குப் பீடம் போடறது?"

லட்சுமணன் புதரைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தார், கொஞ்சம் குறுக்கினார், மறுபடி விரித்தார். முந்நூறுக்கு நாலு, ஒன்பது என்று உதடு அசைந்தது. எங்கே நின்று எறிந்தார் என்பதைக் கண்ணால் அளந்தார்.

"சின்னதுதான் மாமா. கொஞ்சம் எடது பக்கமா இருக்கும்."

"எவ்ளோ சின்னது?"

"அது சரியாச் சொல்ல முடியல. முந்நூறு பத்தாது மாமா. இன்னும் எறியணும்."

துரைக்கண்ணு சுற்றும் முற்றும் பார்த்தார். சந்திரன் தூரத்தில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தான். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"பொடிக் கல்லா எறி" என்றார்.